மருந்தை நிறுத்தியாச்சு, கடைக்குச் சொன்னது யார்?

அமெரிக்காவில் ஒருவர் ரத்த அழுத்தத்துக்கு லிசினோபிரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். இதயம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது, இனி என்ட்ரெஸ்டோ சாப்பிடுங்கள் என்று டாக்டர் மாற்றி எழுதுகிறார். இந்த இரண்டும் ஒன்றாக உடம்புக்குள் போகவே கூடாது. லிசினோபிரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத்தான் மற்றதைத் தொடங்கவேண்டும், இல்லையென்றால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கும் அபாயம் உண்டு. டாக்டருக்கு இது நன்றாகத் தெரியும். நோயாளியிடம் சொல்லியும்விட்டார். தன் ஸ்க்ரீனில் லிசினோபிரிலுக்குப் பக்கத்தில் இருக்கும் 'நிறுத்து' பொத்தானையும் அழுத்திவிட்டார், பெயர் பட்டியலைவிட்டுப் போய்விட்டது. பத்து நாள் கழித்து மருந்துக்கடையிலிருந்து போனுக்கு ஒரு மெசேஜ் வருகிறது: உங்கள் லிசினோபிரில் தயார், வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இதில் யாரைத் திட்டுவது? கடைக்காரர் கையில் இருக்கும் சீட்டு செல்லுபடியாகும் சீட்டு. 90 நாள் மாத்திரை, கூடவே 3 ரீஃபில், அதாவது புதுச் சீட்டு இல்லாமலே இன்னும் மூன்று தடவை வாங்கிக்கொள்ளலாம் என்று டாக்டர்தான் அனுப்பியிருந்தார். அதாவது அன்றைக்கு 'அனுப்பு' என்று ஒருமுறை தட்டியதில், கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கு இவருக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கலாம் என்கிற அதிகாரம் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண மருந்துக்கான சீட்டு ஒரு வருடம் செல்லும். அதன்மேல் நோயாளி 'ஆட்டோ ரீஃபில்' வேண்டும் என்று என்றைக்கோ ஒரு டிக் போட்டிருப்பார், அப்புறம் யாரும் கேட்காமலே தேதி வந்ததும் பாட்டில் நிரம்பும். டாக்டர் தன் பட்டியலில் இருந்து பெயரை எடுத்தது அவருடைய கம்ப்யூட்டரில் நடந்த விஷயம். கடையின் கம்ப்யூட்டர் வேறு சாஃப்ட்வேர், வேறு நிறுவனம், வேறு டேட்டாபேஸ். அங்கே இருக்கிற சீட்டு ஒரு நகல், அந்த நகலுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

புது மருந்து அதே கடைக்குப் போயிருந்தால் கடையின் சாஃப்ட்வேர் 'இரண்டும் சேரக்கூடாது' என்று சிவப்பாகக் காட்டியிருக்குமே என்று கேட்பீர்கள். காட்டும். இந்த ஜோடிக்கு நிச்சயம் காட்டவேண்டும். ஆனால் மருந்தே மாறாமல் டோஸ் மட்டும் மாறினால்? தைராய்டுக்கு லெவோதைராக்ஸின் 75 மைக்ரோகிராம் போய்க்கொண்டிருந்தது, அது அதிகமாகிவிட்டது என்று 50 ஆகக் குறைக்கிறார்கள். 75 மாத்திரை ஊதா நிறம், 50 வெள்ளை. கடையில் ஊதாவுக்கு இன்னும் ரீஃபில் பாக்கி இருக்கிறது. 'ஒரே வகை மருந்து இரண்டு இருக்கிறது' என்று ஓர் எச்சரிக்கை வரும், ஆனால் அந்த மாதிரி எச்சரிக்கைகளை ஒரு பார்மசிஸ்ட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்த்துத் தள்ளிவிடுகிறார் என்று கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால்தான் தெரியும். சில நோயாளிகளுக்கு 75ஐயும் 25ஐயும் சேர்த்தே கொடுப்பார்கள், அதுவும் சரியான மருத்துவம்தான். இது சேர்த்துச் சாப்பிட வந்ததா, ஒன்றுக்குப் பதில் வந்ததா என்பது சீட்டைப் பார்த்தால் தெரியாது. அதைச் சொல்லவேண்டியவர் டாக்டர்.

காகிதச் சீட்டுக் காலத்தில் இதற்கு ஒரே வழி போன். கிளினிக்கிலிருந்து நர்ஸ் கடைக்குப் போன் போட்டு, கடையின் குரல் மெனுவில் எண் எண்ணாக அழுத்தி, காத்திருந்து, பிறந்த தேதி சொல்லி, இன்ன மருந்தை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லவேண்டும். புது மருந்து எழுதுவதற்கு இருந்த அவசரம் நிறுத்துவதற்கு என்றைக்குமே இருந்ததில்லை. புது மருந்து கடைக்குப் போகாவிட்டால் நோயாளி அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிடுவார், நிறுத்தின தகவல் போகாவிட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள். சத்தம் போடாத தவறு என்பதால்தான் இது இவ்வளவு காலம் அப்படியே கிடந்தது என்பது என் அபிப்பிராயம்.

மின்னணுச் சீட்டு வந்தபோது இது சரியாகியிருக்கவேண்டும், ஆனால் இன்னும் மோசமானது என்றுதான் சொல்லவேண்டும். அனுப்புவது ஒரு தட்டலில் முடிந்தது, நிறுத்துவது மட்டும் போனிலேயே நின்றது. டாக்டர்களுக்கோ, பொத்தானை அழுத்தியதும் பெயர் மறைந்துவிடுகிறதே, கடைக்கும் போயிருக்கும் என்கிற நினைப்பு. தன் ஸ்க்ரீனில் நடந்தது எல்லா இடத்திலும் நடந்துவிட்டது என்று மனிதர்கள் இயல்பாகவே நம்புவார்கள், அனுப்பிய மெயிலை அழித்துவிட்டால் வாங்கியவர் இன்பாக்ஸிலும் போய்விட்டது என்று நினைக்கிற மாதிரி.

2012ல் அமெரிக்காவின் முக்கியமான மருத்துவ இதழ் ஒன்றில் மாசசூசெட்ஸிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ரத்தம் உறையாமல் இருக்க என்று நீண்ட நாள் சாப்பிடுகிற மருந்துகளில், டாக்டர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் நிறுத்தியவை சுமார் 84 ஆயிரம். அவற்றில் 1.5 சதவீதம் நிறுத்திய பிறகும் கடையிலிருந்து கொடுக்கப்பட்டிருந்தது. 1.5 என்றால் சின்னதாகத்தான் தெரிகிறது. எண்ணிக்கையில் அது ஆயிரத்து இருநூறு சொச்சம், அதுவும் ஒரே ஒரு மருத்துவக் குழுமத்தில். நாடு முழுக்க ஒரு வருடத்தில் எத்தனை மருந்து நிறுத்தப்படுகிறது என்று மனக்கணக்கு போட்டுப் பார்த்தால் அந்த 1.5 எவ்வளவு பெரியது என்று புரியும்.

போன் போட நேரமில்லாத டாக்டர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். மின்னணுச் சீட்டில் 'பார்மசிஸ்ட்டுக்குக் குறிப்பு' என்று ஒரு காலிப் பெட்டி இருக்கும். புது மருந்தை அனுப்பும்போது அதில் 'பழைய 10 மில்லிகிராமை நிறுத்திவிடவும்' என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பெட்டியைக் கடையின் சாஃப்ட்வேர் படித்துப் புரிந்துகொள்ளாது, மனிதர் யாராவது பார்த்தால்தான் உண்டு, பார்த்தாலும் அந்தப் பழைய சீட்டைத் தேடிப்போய்க் கையால் ரத்து செய்யவேண்டும். 2016ல் வந்த இன்னொரு ஆய்வு இந்தப் பெட்டியில் என்னதான் எழுதுகிறார்கள் என்று பார்த்தது. குறிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பெட்டியில் இருக்கவே கூடாதவை, வேறு முறையான இடம் இருக்கிறவை. முறையான வழி ஏற்கெனவே இருந்தது என்பதுதான் இதில் கசப்பான விஷயம்.

அந்த வழியின் பெயர் கேன்சல்ஆர்எக்ஸ்.

அமெரிக்காவில் டாக்டரின் சாஃப்ட்வேரும் கடையின் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி இருக்கிறது, அதை 'ஸ்க்ரிப்ட்' தரநிலை என்பார்கள். என்சிபிடிபி என்கிற தரநிலை அமைப்பு அதைப் பராமரிக்கிறது. இந்த மொழியில் பேசப்படுகிற செய்திகளில் பெரும்பகுதியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால்காரர் சூர்ஸ்கிரிப்ட்ஸ் என்கிற நெட்வொர்க். 2001ல் மருந்துக்கடைகளின் சங்கங்கள் தொடங்கியதும், மருந்துக் காப்பீட்டை நிர்வகிக்கிற நிறுவனங்கள் அதே வருடம் தொடங்கிய இன்னொன்றும் 2008ல் சேர்ந்துதான் இன்றைய சூர்ஸ்கிரிப்ட்ஸ் ஆனது. ஸ்க்ரிப்ட் மொழியில் புதுச் சீட்டுக்கு ஒரு செய்தி, ரீஃபில் கேட்க ஒரு செய்தி, மருந்தை மாற்றிக் கேட்க ஒரு செய்தி, நோயாளி வாங்கிப் போனாரா இல்லையா என்று டாக்டருக்குச் சொல்ல ஒரு செய்தி. அந்த வரிசையில் 'நான் முன்பு அனுப்பிய இன்ன சீட்டை ரத்து செய்' என்பதற்கும் ஒன்று.

வேலை செய்யும் விதம் எளிமையானது. புதுச் சீட்டு போகும்போது டாக்டரின் சாஃப்ட்வேர் அதற்கு ஓர் ஆர்டர் எண் கொடுக்கும். ரத்துச் செய்தி போகும்போது அதே எண்ணைச் சுமந்துகொண்டு போகும், நோயாளி பெயர், பிறந்த தேதி, மருந்து, எழுதிய டாக்டர் எல்லாம் கூடவே. கடை அந்த எண்ணை வைத்துத் தன் சீட்டைக் கண்டுபிடித்து, மிச்சமிருக்கும் ரீஃபிலைப் பூட்டி, ஒரு பதில் அனுப்பவேண்டும். பதில் இரண்டே வகை: ரத்தாகிவிட்டது, அல்லது முடியவில்லை, காரணம் இது.

நான் சில வருடம் இந்தச் செய்திகளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ரத்துச் செய்தி அனுப்பியதும் உடனே ஒன்று திரும்பி வரும், 'வெற்றி' என்று பச்சையாகக் காட்டும். அது கடையின் பதில் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்தது என்று நெட்வொர்க் சொல்வது, வாட்ஸ்அப்பில் வருகிற சாம்பல் டிக் மாதிரி. 'ரத்தாகிவிட்டது' என்கிற உண்மையான பதில் பிறகு, தனியாக, வேறொரு செய்தியாக வரும், சிலசமயம் மறுநாள்தான் வரும். ஒரு சாஃப்ட்வேரின் ஆரம்பப் பதிப்பில் முதல் பச்சையையே 'சீட்டு ரத்து' என்று ஸ்க்ரீனில் எழுதி வைத்திருந்தார்கள். சோதனைக்கு நான் கடைப் பக்கத்திலிருந்து 'முடியவில்லை' என்று பதில் அனுப்பினேன், டாக்டர் ஸ்க்ரீன் அசையாமல் 'ரத்து' என்றே காட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அது வெளியே போவதற்கு முன்னால் பிடிபட்டது.

இவ்வளவு நல்ல செய்தி ஏன் இவ்வளவு தாமதமாகப் புழக்கத்துக்கு வந்தது என்றால், காசு போன பாதையைப் பார்க்கவேண்டும். 2009ல் அமெரிக்க அரசு மருத்துவப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றப் பெரும் ஊக்கத்தொகை கொடுத்தது, அது டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனது, மருந்துக்கடைகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. டாக்டர்கள் வாங்குகிற சாஃப்ட்வேருக்கு அரசுச் சான்றிதழ் வேண்டும், ஆனால் அந்தச் சான்றிதழும் முதலில் புதுச் சீட்டு அனுப்பத் தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்தது. 2015 பதிப்புச் சான்றிதழில்தான் மாற்று, ரத்து, ரீஃபில் எல்லாம் உள்ளே வந்தன. மெடிகேர் என்கிற, முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் மருந்துத் திட்டத்துக்குள் நடக்கிற மின்னணுச் சீட்டுகள் ஸ்க்ரிப்டின் 2017071 பதிப்பில் பேசவேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல். ஒரு பக்கம் பேசக் கற்றுக்கொண்டபோது மறுபக்கத்துக்குக் காது வைக்கச் சொல்லி யாரும் காசு கொடுக்கவில்லை. டாக்டர் பக்கம் ரத்து இருக்கும், அந்தக் கடை ரத்துச் செய்தியை ஏற்கிறதா என்று நெட்வொர்க்கின் கடைப் பட்டியலில் பார்த்தால் இல்லை என்று இருக்கும், சாஃப்ட்வேர் பேசாமல் விட்டுவிடும் அல்லது 'போன் செய்து சொல்லவும்' என்று ஒரு சின்ன வரியைக் காட்டும். அந்தச் சின்ன வரியை யார் படிக்கிறார்கள்?

இரண்டு பக்கமும் தயாரானால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அமைப்பு 2017 அக்டோபரில் கேன்சல்ஆர்எக்ஸை ஓடவிட்டது. கிளினிக்கில் நிறுத்திய மருந்து கடையிலும் நின்றது என்பது அதற்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நடந்துகொண்டிருந்தது, ஓடவிட்டதும் 90 சதவீதத்துக்கு மேலே ஏறியது, அதுவும் படிப்படியாக இல்லை, உடனே. இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே கிளினிக்கும் கடையும் ஒரே நிறுவனத்துடையவை. ஒரே வீட்டுக்குள் அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பதும், தெருக்கோடிக்குக் கூப்பிடுவதும் ஒன்றாகாது. எல்லாக் கடைக்கும் இதே எண்ணிக்கை வரும் என்று இதை வைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை, ஆனால் மொழி வேலை செய்கிறது என்பதற்கு இது போதும்.

சரி, எல்லாரும் இதை ஓடவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இத்தனை வருடமாக இதைப் பற்றி யோசித்ததில் எனக்குப் படுவது ஒன்றுதான்: மருந்தை நிறுத்துவது வேறு, சீட்டை ரத்து செய்வது வேறு. கேன்சல்ஆர்எக்ஸ் சுமந்துபோவது இரண்டாவதை மட்டும். டாக்டர் ஸ்க்ரீனில் இருக்கிற 'நிறுத்து' பொத்தானோ இரண்டையும், இன்னும் இரண்டு மூன்று விஷயங்களையும், ஒரே வார்த்தைக்குள் அடைத்து வைத்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், அந்தப் பொத்தானை யார் யார் எதற்கெல்லாம் அழுத்துகிறார்கள். பக்கவிளைவு, இனி இந்த மருந்தே வேண்டாம் என்று டாக்டர் அழுத்துகிறார், இது நிஜமான நிறுத்தம். டோஸ் மாற்றம், மருந்து தொடர்கிறது ஆனால் பழைய சீட்டு போகவேண்டும். நோயாளி வேறு கடைக்கு மாறுகிறார், மருந்தும் டோஸும் அதேதான், பழைய கடைச் சீட்டு மட்டும் வேண்டாம். பத்து நாள் ஆன்டிபயாடிக் முடிந்துவிட்டது, பட்டியலைச் சுத்தம் செய்ய யாரோ எடுத்துவிடுகிறார்கள், ரத்து செய்ய அங்கே ஒன்றுமே இல்லை. அப்புறம் இது: உள்ளே நுழைந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கிற உதவியாளர் 'இதெல்லாம் சாப்பிடுகிறீர்களா' என்று வரிசையாகக் கேட்பார். நோயாளி அலர்ஜி மாத்திரையைப் பார்த்து 'இப்போ சாப்பிடறதில்லை' என்பார். அவர் சொன்னது, இது பூ பூக்கிற சீசன் இல்லை, அதனால் இப்போது தேவையில்லை என்று. உதவியாளர் பட்டியலிலிருந்து எடுக்கிறார், ரத்துச் செய்தி கடைக்குப் பறக்கிறது, வசந்தகாலம் வந்ததும் அவர் கடைக்குப் போனால் 'உங்கள் டாக்டர் நிறுத்திவிட்டார்' என்கிறார்கள். டாக்டருக்கே அது செய்தி.

முன்னால் போகவேண்டியது போகாமல் நின்றது, இப்போது போகக்கூடாததும் போகிறது. இதைச் சமாளிக்கச் சில இடங்களில் நிறுத்தும்போது காரணம் கேட்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள், பக்கவிளைவு, டோஸ் மாற்றம், சிகிச்சை முடிந்தது, தவறாகப் பதிவானது என்று. காரணத்தைப் பொறுத்து ரத்துச் செய்தி போகும் அல்லது போகாது. நல்ல யோசனை, ஆனால் அவசரத்தில் இருக்கிற கை பட்டியலின் முதல் வரியைத்தான் தட்டும். முதல் வரியில் எதை வைக்கிறோம் என்பது சின்ன வடிவமைப்பு முடிவு மாதிரித் தெரியும், அதில் எத்தனை பேருடைய மாத்திரை தொங்குகிறது என்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தோன்றாது.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாத கேஸ், சீட்டைப் புதுப்பிப்பது. நோயாளி வருடாந்திரப் பரிசோதனைக்கு வருகிறார், எல்லாம் நன்றாக இருக்கிறது, அதே மருந்து, அதே டோஸ், இன்னொரு வருடத்துக்கு எழுதுங்கள். டாக்டர் 'மறுபடி ஆர்டர்' என்று தட்டுகிறார். பல சாஃப்ட்வேர்களில் இந்த ஒரு தட்டலுக்குப் பின்னால் இரண்டு வேலை நடக்கும், பழைய ஆர்டரை முடித்துவிட்டுப் புது ஆர்டரைத் திறக்கும். ஆகக் கடைக்கு ஒரே நேரத்தில் இரண்டு செய்தி போகிறது: கொழுப்புக்கான அட்டார்வாஸ்டாட்டின் 20 புதுச் சீட்டு, அட்டார்வாஸ்டாட்டின் 20 ரத்து. ஆர்டர் எண் ஒழுங்காகப் பொருந்தினால் பழையது போய்ப் புதியது நிற்கும், பிரச்சினை இல்லை. எண் பொருந்தாவிட்டால், உதாரணமாகக் கடை நடுவில் சாஃப்ட்வேரை மாற்றிப் பழைய எண்கள் தொலைந்துபோயிருந்தால், ரத்துச் செய்தி ஒரு மனிதரின் கியூவில் போய் உட்காரும். அவர் நோயாளியின் பக்கத்தைத் திறக்கிறார், ஒரே பெயர் ஒரே டோஸ் இரண்டு வரி, மேலே இருப்பது புதியது. கவுண்டரில் வரிசை நிற்கிறது, டிரைவ்த்ரூவில் மணி அடிக்கிறது. மேலே இருப்பதை ரத்து செய்கிறார். டாக்டருக்கு 'ரத்தாகிவிட்டது' என்று ஒழுங்கான பதிலும் போகிறது. பழைய சீட்டின் கடைசி ரீஃபில் தீர்ந்த அன்று நோயாளிக்கு மருந்து இல்லை, எந்த ஸ்க்ரீனிலும் தப்பு நடந்ததற்கான அடையாளமும் இல்லை.

கடைப் பக்கத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது, வெளியே தெரியாது. சீட்டை ரத்து செய்வது என்றால் கம்ப்யூட்டரில் ஒரு நிலையை மாற்றுவது மட்டும் இல்லை. ஆட்டோ ரீஃபில் பாட்டிலைச் சில நாள் முன்பே நிரப்பி, பைக்குள் போட்டு, பெயர் வரிசையில் தொங்கவிட்டிருப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணக்கும் போயிருக்கும். ரத்துச் செய்தி வந்ததும் யாராவது எழுந்துபோய் அந்தப் பையை எடுத்து, கணக்கைத் திருப்பி, மாத்திரையை அலமாரிக்கு அனுப்பவேண்டும். சாஃப்ட்வேர் ரீஃபிலைப் பூட்டிவிட்டது, பை மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் சாயங்காலம் வருகிற பேரனிடம் அதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நல்ல சாஃப்ட்வேர் என்றால் ஸ்கேன் செய்யும்போதே நிறுத்தும்.

'முடியவில்லை' என்று பதில் வந்தால் டாக்டர் பக்கம் என்ன ஆகிறது என்பதும் ஒரு சோகக்கதை. அது டாக்டரின் இன்பாக்ஸுக்கு வரும். அங்கே ஏற்கெனவே ரத்தப் பரிசோதனை முடிவுகள், ரீஃபில் கோரிக்கைகள், நோயாளிகளின் கேள்விகள் என்று நூற்றுக்கணக்கில் கிடக்கும். அந்தக் குவியலில் 'இந்த நோயாளி எங்களிடம் இல்லை' என்கிற ஒரு வரி எப்படித் தெரியும்? முடியாது என்கிற பதில்களை மட்டும் தனி வரிசையாக ஒரு நர்ஸுக்கோ கிளினிக்கின் பார்மசிஸ்ட்டுக்கோ அனுப்பி, அவர் போன் போட்டு முடிக்கிறமாதிரி வைத்தால் நடக்கும். இது டெக்னாலஜி பற்றாத இடம் இல்லை, ஆள் ஒதுக்காத இடம்.

ரத்துச் செய்தி எட்டவே எட்டாத இடங்களும் இருக்கின்றன. காகிதத்திலோ போனிலோ போன சீட்டுக்கு ஆர்டர் எண் கிடையாது, பொருத்த வழியில்லை. நோயாளி சீட்டை வேறு கடைக்கு மாற்றியிருந்தால் ரத்து பழைய கடைக்குத்தான் போகும், அங்கிருந்து 'எங்களிடம் இல்லை, மாற்றியாச்சு' என்று பதில் வந்தால் நல்லது. இவற்றைவிடப் பெரிய ஓட்டை, எழுதியவர்தான் ரத்து செய்யமுடியும் என்பது. ஒருவர் ரத்தக்கசிவோடு மருத்துவமனையில் சேர்கிறார், வீட்டில் வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அங்கே அதை நிறுத்தி அபிக்ஸபான் என்று மாற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வார்ஃபரினை எழுதியது ஊரில் இருக்கிற இதய டாக்டர், வேறு நிறுவனம், வேறு சாஃப்ட்வேர். மருத்துவமனையில் நிறுத்தியவரால் அந்தச் சீட்டைத் தொடமுடியாது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'வார்ஃபரின் நிறுத்தவும்' என்று தடித்த எழுத்தில் இருக்கும், நோயாளி அதை மடித்துப் பையில் வைத்திருப்பார், கடையில் வார்ஃபரின் அடுத்த மாதத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து, இரண்டையும் சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மருந்து மாறுவது அதிகமாக நடக்கிற இடமே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிற அந்த இரண்டு மூன்று நாள், அங்கேதான் இந்தச் செய்தி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தக் குழப்பத்தில் பாதி, சீட்டு நகலாகப் பயணம் செய்வதால் வருவது. வேறு மாதிரியும் செய்யலாம். எஸ்டோனியாவில் 2010 முதல் மின்னணுச் சீட்டு எந்தக் கடைக்கும் அனுப்பப்படுவதில்லை, நாட்டின் ஒரே பொதுப் பெட்டகத்தில் போய் உட்காரும், நோயாளி எந்தக் கடைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டினாலும் அவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள். பெட்டகத்தில் சீட்டை எடுத்துவிட்டால் எல்லாக் கடைக்கும் அது இல்லை. இங்கிலாந்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு முறை: சீட்டு தேசியச் சுகாதாரச் சேவையின் மையக் கணினியில் இருக்கும், கடை அதை இறக்கிக்கொள்ளும்வரை டாக்டர் ரத்து செய்யலாம், இறக்கிய பிறகு முயன்றால் ரத்து நடக்காது, ஆனால் இப்போது எந்தக் கடையிடம் இருக்கிறது என்று பதில் சொல்லிவிடும், போன் போடவேண்டிய இடமாவது தெரியும். அமெரிக்காவில் இப்படி ஒரே பெட்டகம் வராது, ஆயிரக்கணக்கான நிறுவனங்களும் ஐம்பது மாநிலச் சட்டங்களும் இருக்கிற ஊர் அது. அதனால் செய்தியைத் திருத்திக்கொண்டே போவதுதான் அவர்கள் வழி. ஸ்க்ரிப்டின் அடுத்த பதிப்பு 2023011, 2028 ஜனவரி 1க்குள் எல்லாரும் அதற்கு மாறவேண்டும்.

பெட்டகம் இருந்தாலும் ஒன்று மிச்சம், வீட்டில் இருக்கிற பாட்டில். 90 நாள் மாத்திரையில் 20 நாள் போயிருக்கிறது, 70 மாத்திரை சமையலறை அலமாரியில் இருக்கிறது. எந்த ரத்துச் செய்தியும் அந்த மூடியைத் திறக்காது.

உங்கள் அப்பா அம்மாவோ நீங்களோ அமெரிக்காவில் மருந்து வாங்குகிறவர்கள் என்றால், டாக்டர் ஒன்றை நிறுத்தின அன்றைக்குக் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மருந்துக்கு ஃபைலில் இன்னும் ரீஃபில் இருக்கிறதா? ஆட்டோ ரீஃபில் எது எதற்கெல்லாம் போட்டிருக்கிறது? கேட்டால் பட்டியலை அச்சடித்தே கொடுப்பார்கள். பல வருடமாக ஒரே கடையில் வாங்குகிறவருடைய பட்டியலில் என்றைக்கோ நிறுத்திய மருந்து ஒன்றாவது உயிரோடு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இதை எழுதுகிற என் பட்டியலிலேயே இரண்டு இருந்தன.